பச்சை ஒயரை வெட்டியவன்

கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்குக் கரண்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மதுரையில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அங்கே வேலை, லீவு லெட்டர்களை வரிசைப்படுத்துவதும் இன்கிரிமென்ட் பைல்களை மேஜைக்கு மேஜை அனுப்புவதும்தான். மீட்டர் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்றுகூட நான் நின்று பார்த்ததில்லை. ஆனாலும் தெருவில் யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "பீஸ் போயிருக்கும்" என்பேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடும். அப்படிச் சரியாக இருந்ததுதான் என்னைக் கெடுத்தது.

சாயங்காலங்களில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தேன். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து எண்பதுகளில் பாதிவரை வாசித்திருக்கிறேன். குழுவை நடத்தியவர் ஆர்கன் வாசிப்பவர். பகலில் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பார், இரவில் எங்களுக்கு மாஸ்டர். குழுவில் பெண் குரல் ஒன்றே ஒன்று. செல்லூரில் இருந்து வருவார். ஆரம்பப் பள்ளியில் வேலை என்பதால் நாங்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். பேசும்போது அவர் சொல்வது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பாட்டு என்று மைக்கைக் கையில் எடுத்தால் வேறு ஆளாக நிமிர்ந்துவிடுவார்.

டீச்சர் வந்தால் அவருடைய அம்மாவும் வருவார். மேடைக்குப் பக்கவாட்டில் ஓர் இரும்பு நாற்காலி போட்டு, மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொள்வார். கண் மகளை விட்டு நகராது. அவர்கள் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு அது. அம்மா கூட வந்தால் பாடலாம். அம்மாவுக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது நடந்தால் பாட்டு அன்றோடு சரி. இதை டீச்சரே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது வாய்தான் சிரித்தது.

இது காதல் கதை என்று நினைத்து உட்காருகிறவர்கள் இப்போதே எழுந்துவிடலாம். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

என்னுடைய ஆம்ப்ளிபயர் தூத்துக்குடியில் கலைந்துபோன ஒரு பேண்ட் குழுவிடமிருந்து கைமாறி வந்தது. தகர உடம்பு, முன்பக்கம் துணி, இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அதோடு வந்த ஒயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கம்பிகளும் நுனியில் மூன்று முள் பிளக்கும் இருந்தன. முதல் ஒத்திகையில் கிடார் கம்பியில் கை வைத்தபோதே லேசாகச் சுள்ளென்றது. "அண்ணே, எர்த் அடிக்குதுண்ணே" என்றேன் மாஸ்டரிடம்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மாவு மிஷினைத் தொட்டுச் சுள்ளென்றாலும் சரி, தண்ணீர் மோட்டாரைத் தொட்டுச் சுள்ளென்றாலும் சரி, மின்சாரம் கசிகிறது என்று யாரும் சொல்வதில்லை. எர்த் அடிக்குது என்போம். சின்ன வயதிலிருந்து அப்படிச் சொல்லிச் சொல்லி, எர்த் என்றால் கரண்டுக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு பொல்லாத பொருள் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. மாஸ்டர் மனதிலும் அப்படியே.

"எது மாப்ள எர்த் ஒயரு?" என்று கேட்டார்.

"பச்சைண்ணே." அது மட்டும் எனக்குத் தெரியும். ஆபீஸ் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்.

"அப்ப அத வெட்டி விட்ரு. எர்த்தே இல்லன்னா அது எப்படி அடிக்கும்?"

எவ்வளவு தெளிவான கேள்வி! கட்டிங் பிளேயரால் பச்சையை நறுக்கினேன். பிறகு, மிச்சம் இரண்டு கம்பிக்கு எதற்கு இந்தத் தடி ஒயர் என்று அதையே கழற்றிப் போட்டுவிட்டு, ரேடியோவுக்குப் போடுகிற முறுக்கு ஒயரை நீளமாக வாங்கி மாட்டினேன். கல்யாண மண்டபங்களில் அப்போதெல்லாம் இரண்டு ஓட்டை பிளக்தான் அதிகம். அதற்கும் இது வசதியாகப் போயிற்று. சொருகிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கவில்லை. "கரண்ட் ஆபீஸ்காரன்னா சும்மாவா?" என்று மாஸ்டர் முதுகில் தட்டினார். பிளக்கை அன்று தற்செயலாக முள் இடம் மாறிச் சொருகியிருந்தேன், கசிவு மறைந்திருந்தது, அதனால்தான் அடிக்கவில்லை என்று நான் தெரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடமும் பெட்டி அவ்வப்போது சுள்ளென்றுகொண்டுதான் இருந்தது. பிளக்கைக் கழற்றி மறுபடி சொருகுவேன், சில தடவை சரியாகும். கை வேர்த்திருக்கும், அதனால் இருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பிறகு ஒரு வைகாசிக் கல்யாண வரவேற்பு, ஆற்றுக்கு வடகரையில். வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எது என்ன சுருதி என்றெல்லாம் எழுதிய நோட்டு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. டீச்சர் ஒரு பாட்டை முடித்துவிட்டு, வலது கையில் மைக்கைப் பிடித்தபடியே இடது கையால் நோட்டை என்னிடம் நீட்டினார். என் இடது கை கிடார் கம்பிகளின் மேல் இருந்தது. வலது கையால் வாங்கினேன். விரலும் விரலும் பட்டன.

தோள்வரை சுரீரென்று இழுத்தது. நான் பின்னால் துள்ளினேன். டீச்சர் "ஆ!" என்று கத்தினார். மைக் கையில் இருந்ததால் அந்தக் கத்தல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நோட்டு கீழே விழுவதற்குள் அவருடைய அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னாச்சு?"

டீச்சர் கையை உதறிக்கொண்டே, "அவரு கை பட்டுச்சு... சுரீர்னுச்சும்மா" என்றார். அதுவும் மைக்கில் போயிற்று.

அந்த அம்மா மேடையேறி வந்து என் முகத்துக்கு நேரே நின்றார். "கிள்ளுனியா தம்பி?"

கரண்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் வந்ததோ, "இல்லம்மா, எனக்கும் சுரீர்னுச்சு." பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் டீச்சர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எம் பொண்ணு வரமாட்டா. வேற ஆளப் பாத்துக்கங்க" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மிச்சக் கச்சேரியில் பெண் குரலுக்கும் சேர்த்து மாஸ்டரே பாடினார். பந்திக்கு அன்றைக்குப் போல் சீக்கிரம் கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அவமானம்தான் முதலில் பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நெசமாவே கிள்ளல?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டு மாடியில், ஒத்திகை அறையில், பெட்டியை ஆன் பண்ணிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருப்பேன். கரண்ட் ஆபீஸ்காரன் என்கிற கெத்துக்காக வைத்திருந்ததே தவிர அதற்கு வேலை வந்ததில்லை. அன்று என்னவோ தோன்றி அதன் முனையைக் கிடார் கம்பியில் வைத்தேன். பிடிக்குள் இருக்கும், கரண்ட் பட்டால் எரிகிற சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி எரிந்தது. ஒன்றரை வருடமாக நான் தடவித் தடவி வாசித்த கம்பி அது. அதைப் பிடித்த கையால்தான் அந்தப் பெண்ணைத் தொட்டிருக்கிறேன். நான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "எர்த்தத்தான் வெட்டியாச்சே மாப்ள, பெறகு எப்படி?" என்றார். அதுதான் எனக்கும் புரியவில்லை. ஆனி மாதம் எழுமலையில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். பெண் குரல் உண்டு என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டோம். மாஸ்டருக்கு அந்தக் கவலை. எனக்கு, டீச்சர் மைக்கைக் கீழே வைத்தது கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யாமலே அவருக்குப் பாட்டு நின்றுபோயிருந்தது. அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று நினைத்தேன்.

ஆபீசில் கேட்டிருக்கலாம். கீழே லைன்மேன்கள் பத்துப் பேர் இருந்தார்கள். கேட்டால் சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். அதனால் கோரிப்பாளையத்தில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுதான். அவரைச் சுற்றிலும் ஒயர் சுருள்கள் அடுக்கியிருக்க, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல தடி ஒயரா வேணும் பாய். அடிக்காத ஒயரு" என்றேன்.

"அடிக்காத ஒயரா? அப்படி ஒண்ணு வந்தா நான் கடையப் பூட்டிட்டு ஊர் ஊராப் போயி வித்துருவேன். எதுக்குண்ணே?"

சொன்னேன். அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். இப்போது இருக்கும் ஒயரில் எத்தனை கம்பி, பெட்டியோடு வந்ததில் எத்தனை கம்பி, மூன்றாவது எங்கே போயிற்று. "எர்த் அடிச்சுச்சுன்னு பச்சைய வெட்டிட்டேன்" என்றேன். கடைக்காரர் கையில் இருந்த ஒயர் சுருளைக் கீழே வைத்தார்.

"எங்கண்ணே வேலை பாக்குறீங்க?"

"தபால் ஆபீஸ்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அடிக்கிறது எர்த் இல்லண்ணே. நாமதான் அதுக்குப் பேரக் கெடுத்து வச்சிருக்கோம். பெட்டிக்குள்ள எங்கயோ கரண்டு கசிஞ்சு தகரத்துல ஏறி, கிடார் ஒயரு வழியா கம்பிக்கும் வந்து நிக்குது. அத வாங்கிக்கிட்டு மண்ணுக்குள்ள போயிச் சேக்குறதுக்குத்தான் பச்சை. நீங்க அந்த வழிய அடைச்சிட்டீங்க. அது வேற வழி பாத்துக்கிருச்சு."

வேற வழி என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அங்கிருந்து டீச்சர் விரலுக்கு, மைக்குக்கு என்று அந்த வழி எனக்குள் ஓடியது. கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "எம்புட்டு நாளாச்சு வெட்டி?" என்றார். ஒன்றரை வருஷம் என்றேன். "ஆளு உசுரோட இருக்கீங்கள்ல, அதுவே பெருசு" என்று சொல்லிவிட்டு ஒயர் எடுக்கப் போனார்.

நான் இஸ்திரிப் பெட்டி ஒயரைக் காட்டினேன். மூன்று கம்பி, மேலே பூப்போட்ட நூல் உறை, பார்க்க அழகு. அவர் தலையாட்டினார். மேடையில் ஆயிரம் கால் மிதிக்கும், நூல் பிய்ந்துவிடும் என்றார். பக்கத்தில் இருந்த ஒயர் இன்னும் தடிமனாக இருந்தது. அதில் இரண்டே கம்பி. "தடிமனப் பாக்காதீங்க, கம்பிய எண்ணுங்க" என்றார். கடைசியில் பம்ப்செட் மோட்டாருக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் ஒயரை எடுத்தார். உள்ளே மூன்று கம்பி, மேலே முழு ரப்பர் உறை. பாம்பு மாதிரி கனத்தது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பெட்டிக்கு மட்டும் இரண்டு மீட்டர் போதும் என்றேன். வாங்கிக்கொண்டு வந்து, பச்சையைப் பெட்டியின் தகரத்தில் திருகி, மூன்று முள் பிளக் போட்டு, ஒத்திகை அறைச் சுவரில் சொருகிக் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு சண்டைக்கே போனேன். கடைக்காரர் பதில் பேசாமல் தன் கடைச் சுவரில் இருந்த சுவிட்ச் பலகையில் பிளக்கைச் சொருகினார். டெஸ்டர் எரியவில்லை. "ஒயரு நல்ல ஒயருதான். உங்க சுவத்துல மூணாவது ஓட்டை வெறும் ஓட்டை. உள்ள கம்பியே இருக்காது" என்றார். பாதி மண்டபங்களிலும் அப்படித்தான் இருக்கும் என்றார். மூன்றாவது ஓட்டை இருந்தாலும், அங்கிருந்து மேடைக்கு இழுக்கிற ஒயர் இரண்டு கம்பியாக இருந்தால் பச்சை நடுவழியில் நின்றுவிடும். பெட்டியிலிருந்து மண்வரை பச்சை அறுபடாமல் போக வேண்டும். அதற்கு, மண்ணுக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுக்க வேண்டும்.

அதற்காக அதே ரப்பர் ஒயரில் முழுச் சுருளாக வாங்கினேன். மேடையில் வைக்க மூன்று ஓட்டை பிளக்குகள் கொண்ட ஒரு பலகையும் செய்து கொடுத்தார். மைக் செட்டும் அதில்தான் சொருக வேண்டும் என்றார். பலகைக்குள் மாட்டும்போது பச்சையை மட்டும் இரண்டு விரல்கடை நீளமாக விட்டார். "யாராவது கால் தடுக்கி இழுத்தா மத்த ரெண்டும் மொதல்ல பிச்சுக்கணும். இது கடைசி வரைக்கும் நிக்கணும்." சோதிப்பதற்கு ஒரு ஹோல்டரில் பல்பும் இரண்டு ஒயர் நுனிகளும் வைத்துக் கொடுத்தார். ஒரு நுனி கரண்ட் வரும் ஓட்டையில், மறுநுனி மூன்றாவது ஓட்டையில். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் எர்த் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவு நாள் நான் உயிர் எடுக்கும் என்று நம்பிய பொருளை அவர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அதன் பிறகுதான் செல்லூருக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. டீச்சர் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் மகளிடம் அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். டீச்சர் உள்ளே போய்விட்டார். தறியை நிறுத்தியதும் தெரு திடீரென்று அமைதியானது.

"சொல்லு தம்பி."

"கிள்ளலம்மா. அது கரண்டு" என்றேன். டெஸ்டர் எரிந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் தளர்ந்தது. நம்பிவிட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு காபியும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டார், "ஏன் எர்த் இல்லையா ஒம் பெட்டிக்கு?"

"இருந்துச்சும்மா. நான்தான் வெட்டுனேன்."

அவர் தறி மோட்டாரைக் கையால் காட்டினார். "பதினாலு வருஷமா இதுகூடக் கெடக்கேன். எர்த் ஒயரு விட்டுப்போனா சுவிச்சுல கை வைக்க மாட்டோம். நீ அத வெட்டிட்டு எம் பொண்ணு கையில மைக்கக் குடுத்தியா? கிள்ளியிருந்தாக்கூட ஒரு அறையோட போயிருக்குமேடா!"

தம்பி என்பது போய் டா வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஒயரை மாற்றிவிட்டேன், எல்லாம் சரி செய்துவிட்டேன், எழுமலைக்கு டீச்சரை அனுப்புங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே இருந்து டீச்சர், "நான் பாடணும்மா" என்றார். தமிழில்தான் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ. அவர் அப்படி உரக்கப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில், "நானும் வாரேன். வந்து பாப்பேன். எம் மனசுக்குச் சரின்னு பட்டாப் பாடுவா. இல்லேன்னா அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்றார்.

எழுமலையில் நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது மூன்று மணி இருக்கும். வெயில் கொளுத்தியது. மாப்பிள்ளை வீட்டு முன்னால் பந்தலும் பலகை மேடையும் தயாராக இருந்தன. நான் முதல் வேலையாக வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் பல்பைச் சோதித்தேன். எரியவே இல்லை, வெறும் ஓட்டை. டீச்சரும் அம்மாவும் பந்தலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் பம்ப்செட் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் கிணற்றடியில் மோட்டார் ரூம் இருந்தது. அதன் சுவரோரம் மண்ணில் இறங்கிய ஓர் இரும்புக் குழாயும் அதில் கட்டிய கம்பியும் தெரிந்தன. அப்பாடா என்று பல்பை அங்கே சோதித்தேன். எரிந்தது, ஆனால் பீடி நெருப்பு மாதிரி.

அழுகையே வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன செய்வது என்று கடைக்காரர் சொல்லித் தரவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா வந்து நின்று பல்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"எர்த்துக்குத் தண்ணி ஊத்தி எம்புட்டு நாளாச்சுங்க?"

"மழ பேஞ்சா நனையும்ல?" என்றார் வீட்டுக்காரர்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு குடத்தை வாங்கி, தொட்டியில் முகர்ந்து, குழாய்க்குள்ளும் சுற்றியிருந்த மண்ணிலும் ஊற்றினார். வெடித்துக் கிடந்த மண் சர்ரென்று உறிஞ்சியது. நான் பல்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். முதல் குடத்துக்கு லேசாக மஞ்சளானது. மூன்றாவது குடத்துக்குக் கண் கூசியது. "தறி ஓட்டுற வீட்டுல கேளுங்க. காஞ்ச மண்ணு கரண்ட வாங்காது, தெனம் ஊத்தணும். கோடையில ரெண்டு வேள" என்று அவர் சொன்னது வீட்டுக்காரருக்கா எனக்கா தெரியவில்லை.

மோட்டார் ரூமிலிருந்து மேடைவரை என் கறுப்பு ஒயரை இழுத்தேன். அந்த அம்மா அதன் கூடவே நடந்து வந்தார். குனிந்து, ஒயரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, நூலில் முடிச்சுத் தேடுகிற மாதிரி நீளம் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார். எங்கேயும் ஒட்டு இல்லை. மேடையில் பலகையை வைத்து, பெட்டியையும் மைக் செட்டையும் சொருகி, ஆன் பண்ணினேன். டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். எரியவில்லை. "பாருங்கம்மா" என்றேன்.

"அந்தச் சின்ன வெளக்க நான் நம்ப மாட்டேன்" என்றார். செருப்பைக் கழற்றினார்.

"இருங்கம்மா, நான் தொட்டுக் காட்டுறேன்."

"நீ தொட்டா வலிச்சாலும் சிரிச்சுக்கிட்டு நிப்ப."

நான் தடுப்பதற்குள் இடது கையால் மைக்கைப் பிடித்துவிட்டார். வலது கையைக் கிடாருக்கு நீட்டினார். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. பச்சை மண்வரை போகிறது என்று தெரியும், பல்பு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன், இருந்தாலும் அந்தக் கை கம்பியை நெருங்க நெருங்க பிளக்கைப் பிடுங்கத் தயாராக நான் ஒரு கையை நீட்டிக்கொண்டேன். உள்ளங்கையால் நான்கு கம்பிகளையும் அழுத்திப் பிடித்தார்.

"டும்ம்ம்" என்று பந்தல் அதிர்ந்தது. அம்மா திடுக்கிட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று, மெல்ல ஒரு தடவை மூச்சு விட்டு, மறுபடி கம்பியைத் தட்டினார். மறுபடி அதிர்ந்தது. "இதுதான் ஒன் வாத்தியமா? இம்புட்டு நாளும் நீ சும்மாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னுல்ல நெனச்சேன்" என்றார். மைக் கையில் இருந்ததால் அதுவும் பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அம்மா கீழே இறங்கிப் போய் மகளைக் கைபிடித்து எழுப்பி மேடைக்கு அனுப்பினார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. டீச்சர் மைக்கைப் பிடித்து முதல் பாட்டின் பல்லவியை எடுத்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். விரல்கள் கம்பியின் மேலேயே இருந்தும் வாசிக்க வரவில்லை. மாஸ்டர் கவனிக்கவில்லை, கூட்டமும் கவனிக்கவில்லை. பக்கவாட்டு நாற்காலியில் இருந்த அந்த அம்மா மட்டும் மகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, வாசி தம்பி, வாசி என்று கையைக் காட்டினார்.